என் கணினியில் ஓடும் எக்செல் மேக்ரோ அடுத்தவர் கணினியில் ஏன் ஓடுவதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகள், முந்திரி ஆலைகள், குளச்சல் வட்டாரத்து மீனவர் சங்கங்கள், நாகர்கோவில் கணக்கு அலுவலகங்கள் என்று எங்கே போனாலும், யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த எக்செல் மேக்ரோவில்தான் (எக்செலுக்குள் ஒரு வேலையைத் தானாகச் செய்யும் நிரல்) பில்லும் கூலியும் ஓடிக்கொண்டிருக்கும். எழுதியவர் கணினியில் அது பிசகில்லாமல் ஓடும். ஃபைல் கிளைக்கடைக்குப் போனதும், அல்லது புதுக் கணினி வாங்கியதும், "நேத்து வரைக்கும் ஓடிச்சே" என்று ஃபோன் வரும். அப்படி வரும் கேள்விகளைத்தான் இங்கே திரட்டியிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் விண்டோஸில் நிறுவிய எக்செல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் (ஆல்ட்+எஃப்11 அழுத்தினால் வரும் நிரல் எழுதும் பக்கம்) ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலைத் திறந்தால் மேலே சிவப்பாக ஒரு பட்டை வருகிறது. 'எனேபிள் கன்டென்ட்' பட்டனைக் காணோம். ஃபைல் கெட்டுப் போச்சா?

ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இணையம் வழியாக இறங்கும் ஃபைல்கள் மீது விண்டோஸ் மறைவாக ஒரு முத்திரை குத்திவிடும். முன்பு அந்த முத்திரை இருந்தாலும் மஞ்சள் பட்டையில் ஒரு தட்டுத் தட்டி மேக்ரோவை ஓட்டிவிடலாம். 2022-இல் மைக்ரோசாஃப்ட் அதை மாற்றிவிட்டது. முத்திரை உள்ள ஃபைலில் இப்போது மேக்ரோ அடியோடு தடுக்கப்படும், பட்டனும் வராது.

எக்செலை மூடுங்கள். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து ஓகே கொடுத்துவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும். ஜிப்பாக வந்திருந்தால் ஜிப்பையே முதலில் அன்பிளாக் செய்துவிட்டுப் பிறகு விரியுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் முத்திரை தொற்றிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தடை சும்மா வந்ததல்ல. மேக்ரோ வழியாக வைரஸ் பரப்புவது பல வருடப் பழக்கம். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் "நீங்கதானே அனுப்புனீங்க?" என்று ஒரு ஃபோன் போட்டுவிட்டு அன்பிளாக் செய்யுங்கள்.

அதே ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோனால் ஓடுகிறதே, அது எப்படி?

அந்த முத்திரை என்.டி.எஃப்.எஸ் முறையில் அமைத்த டிஸ்கில்தான் நிற்கும். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால், ஃபைல் அதில் ஏறும்போதே முத்திரை உதிர்ந்துவிடும். "வாட்ஸ்அப் ஃபைலைக் கெடுக்குது, பென்டிரைவ்தான் நல்லது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதற்குக் காரணம் இதுதான்.

மாசத்துக்கு இரண்டு தடவை புது ஃபைல் அனுப்புகிறேன். ஒவ்வொரு தடவையும் கடைப் பையனை அன்பிளாக் பண்ணச் சொல்ல முடியாது. வேறு வழி?

இருக்கிறது. அந்தக் கணினியின் எக்செலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், டிரஸ்டட் லொகேஷன்ஸ் என்று வரிசையாகப் போய், டி டிரைவில் இதற்கென்றே வைத்த ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். அந்த ஃபோல்டரிலிருந்து திறக்கும் ஃபைல்களில் மேக்ரோ கேள்வி கேட்காமல் ஓடும். டவுன்லோட்ஸையோ டெஸ்க்டாப்பையோ மட்டும் அதில் சேர்க்காதீர்கள். எவன் அனுப்பிய ஃபைலும் வந்து விழும் இடம் அது.

ஃபோல்டர் வேறொரு கணினியில் இருந்து நெட்வொர்க் வழியாக வருகிறது என்றால், அதே பக்கத்தில் நெட்வொர்க் இடங்களை அனுமதிக்கும் கட்டத்தையும் தனியாக டிக் செய்ய வேண்டும். சிலர் சோம்பல்பட்டு 'எல்லா மேக்ரோவையும் அனுமதி' என்று வைத்துவிடுவார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஃபைலை அனுப்பினேன், திறக்கிறது, பட்டனும் இருக்கிறது. அழுத்தினால் 'மேக்ரோவை ஓட்ட முடியவில்லை' என்கிறது. மேக்ரோ எங்கே போச்சு?

இரண்டு இடங்களில் பாருங்கள். ரெக்கார்ட் செய்யும்போது 'பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்' என்று தேர்ந்தெடுத்திருந்தால், மேக்ரோ உங்கள் கணினியில் மறைவாக இருக்கும் பர்சனல் ஃபைலில்தான் கிடக்கும், அனுப்பிய ஃபைலோடு போகாது. ஆல்ட்+எஃப்11 அழுத்தி இடதுபக்கப் பட்டியலைப் பார்த்தால் மாட்யூல் (நிரல் எழுதியிருக்கும் பக்கம்) எந்த ஃபைலுக்கு அடியில் இருக்கிறது என்று தெரியும். அதை இழுத்து உங்கள் ஃபைலில் விடுங்கள், பட்டனுக்கும் மறுபடி மேக்ரோவை ஒதுக்குங்கள்.

இன்னொன்று, வழியில் யாரோ அதை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்திருப்பார்கள். அந்த வகை ஃபைலில் மேக்ரோ தங்காது. எக்ஸ்எல்எஸ்எம் அல்லது எக்ஸ்எல்எஸ்பி வேண்டும்.

'ரன்-டைம் எரர் 1004, ஃபைல் கிடைக்கவில்லை' என்று வருகிறது. ஃபைல் அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்!

நீங்கள் பார்க்கும் இடமும் மேக்ரோ தேடும் இடமும் வேறு. எழுதியவர் தன் கணினியின் முழு முகவரியை நிரலில் எழுதியிருப்பார்: சி டிரைவ், யூசர்ஸ், அவர் பெயர், டெஸ்க்டாப், விலைப்பட்டியல். உங்கள் கணினியில் அவர் பெயரில் யூசரே கிடையாது. வெளியூர்க்காரரிடம் "எங்க சித்தப்பா வீட்டுக்கு அடுத்த வீடு" என்று வழி சொல்வதும் இதுவும் ஒன்று.

மேக்ரோ ஃபைலும் அது தேடும் ஃபைல்களும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். முகவரி வேண்டிய இடத்தில் எல்லாம் 'திஸ்ஒர்க்புக்.பாத்' என்று போட்டு, அதோடு ஃபைல் பெயரைச் சேருங்கள். ஃபோல்டரை எந்தக் கணினியில் எங்கே வைத்தாலும் அதன் கூடவே முகவரியும் நகரும். 'ஆக்டிவ்ஒர்க்புக்' என்று எழுதாதீர்கள். அது அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் ஃபைல் எதுவோ அது. உங்கள் கணினியில் ஒரு ஃபைல்தான் திறந்திருக்கும். கடையில் நாலு திறந்திருக்கும்.

ஃபைல்கள் கட்டாயம் வேறு வேறு இடத்தில் இருந்தாக வேண்டும் என்றால், 'அமைப்பு' என்று ஒரு ஷீட் வைத்து அதில் ஒரு செல்லில் முகவரியை எழுத விடுங்கள். கடைக்காரர் செல்லை மாற்றுவார், நிரலைத் தொட மாட்டார். நெட்வொர்க் டிரைவாக இருந்தால் இசட் டிரைவ் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு கணினியில் இசட்டாக இருப்பது அடுத்ததில் ஒய்யாக இருக்கும். சர்வர் பெயரில் தொடங்கும் முழு முகவரியே நிலையானது.

'திஸ்ஒர்க்புக்.பாத்' போட்ட பிறகும் ஒரு கணினியில் மட்டும் ஓடவில்லை. முகவரியைக் காட்டச் சொன்னால் இணைய முகவரி மாதிரி வருகிறது.

இது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் செய்யும் வேலை. புதுக் கணினிகளில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் கேட்காமலே ஒன்டிரைவுக்குள் போய்விடுகின்றன. அங்கிருந்து திறந்த ஃபைலுக்கு எக்செல் டிஸ்க் முகவரியைச் சொல்லாமல் இணைய முகவரியைச் சொல்லும். ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் 'டிர்' கட்டளைக்கு அது புரியாது, எரர் 52 என்று நின்றுவிடும்.

இணைய முகவரியை டிஸ்க் முகவரியாக மாற்றும் நீளமான நிரல்கள் கிடைக்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஃபோல்டரை ஒன்டிரைவுக்கு வெளியே, டி டிரைவில் வைக்கச் சொல்வேன். மேக்ரோ தொடக்கத்திலேயே முகவரி எச்டிடிபி என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்து, ஆம் என்றால் "இந்த ஃபைலை டி டிரைவுக்கு மாற்றவும்" என்று சொல்லி நின்றுவிடட்டும். நடுவழியில் எரர் 52 பார்த்துக் குழம்புவதைவிட அது மேல்.

எரர் 9, 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்'. நேற்று ஓடிய அதே ஃபைல்!

ஃபைல் பெயரைப் பாருங்கள். இரண்டாவது தடவை டவுன்லோட் செய்ததும் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 ஒட்டிக்கொண்டிருக்கும். நிரல் பழைய பெயரில் ஒர்க்புக்கைத் தேடுகிறது, இல்லை என்கிறது. தன்னைத்தானே குறிப்பிட எப்போதும் 'திஸ்ஒர்க்புக்' போதும், பெயர் வேண்டாம்.

இதில் ஒரு வினோதமும் உண்டு. பின்னொட்டு (ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்எல்எஸ்எம் போன்றது) இல்லாமல் வெறும் பெயரை எழுதியிருந்தால், விண்டோஸில் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும் கணினியில் ஓடும், காட்டும்படி வைத்திருக்கும் கணினியில் ஓடாது. வேறு ஒர்க்புக்கைக் குறிப்பிட வேண்டி வந்தால் பின்னொட்டோடு முழுப் பெயரையும் எழுதுங்கள்.

ஷீட் பெயரை யாராவது மாற்றினாலும் இதே எரர்தான். எடிட்டரில் ஷீட்டுக்கு 'கோட்நேம்' என்று இன்னொரு பெயர் இருக்கும். அதைப் பயன்படுத்தினால் கீழே டேபில் என்ன பெயர் இருந்தாலும் கவலையில்லை.

'கான்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி' என்கிறது. 'டேட்' என்ற சாதாரணச் சொல்லை நீலமாகக் காட்டுகிறது. அதில் என்ன தப்பு?

அந்தச் சொல்லில் எந்தத் தப்பும் இல்லை. எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் போய்ப் பாருங்கள், ஏதோ ஒரு வரியின் முன்னால் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும். எழுதியவர் கணினியில் இருந்த ஒரு துணை நூலகம் இங்கே இல்லை. ஒன்று காணாமல் போனால் விபிஏ (மேக்ரோ எழுதும் நிரல்மொழி) மற்ற எல்லாவற்றிலும் தடுமாறி, சம்பந்தமே இல்லாத 'டேட்', 'லெஃப்ட்' போன்ற சொற்களில் போய் நிற்கும்.

அடிக்கடி நடப்பது இது: புது ஆஃபீஸில் எழுதி, அவுட்லுக் நூலகத்தை டிக் செய்து, பழைய ஆஃபீஸ் உள்ள கணினிக்கு அனுப்புவது. பழையதில் எழுதிப் புதியதில் திறந்தால் எக்செல் தானே எண்ணை ஏற்றிக்கொள்ளும். புதியதிலிருந்து பழையதுக்கு இறங்காது. ஆகவே யாரிடம் உள்ளதிலேயே பழைய ஆஃபீஸ் இருக்கிறதோ, அந்தக் கணினியில் கடைசியாகச் சேமித்து அனுப்புவது ஒரு வழி.

நிலையான வழி, ரெஃபரன்ஸே வைக்காமல் 'கிரியேட்ஆப்ஜெக்ட்' கொண்டு அவுட்லுக்கையோ வேர்டையோ ஓடும்போது அழைப்பது. எழுதும்போது டிக் செய்துகொள்ளுங்கள், புள்ளி வைத்ததும் பட்டியல் வருவது வசதி. அனுப்புவதற்கு முன் டிக்கை எடுத்துவிட்டு, மாறிகளை 'ஆப்ஜெக்ட்' என்று அறிவியுங்கள். அப்போது நூலகத்தின் மாறிலிப் பெயர்கள் வேலை செய்யாது, எண்ணாக எழுத வேண்டும். உதாரணமாக அவுட்லுக்கில் புது மெயில் என்பதன் எண் 0. ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' இருந்தால், எண்ணாக்க மறந்துபோன பெயர்களை 'டீபக், கம்பைல்' உடனே காட்டிக்கொடுக்கும்.

புதுக் கணினியில் '64-பிட் முறைக்கு நிரலைத் திருத்த வேண்டும்' என்று வருகிறது.

எழுதியவர் 32-பிட் ஆஃபீஸில் எழுதியிருக்கிறார். 2019 ஆஃபீஸிலிருந்து கேட்காமல் விட்டால் 64-பிட்தான் நிறுவப்படும். ஃபைல், அக்கவுன்ட், அபௌட் எக்செல் போனால் உங்களுடையது எது என்று தெரியும். விண்டோஸ் 64-பிட் என்பதால் ஆஃபீஸும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

'டிக்ளேர்' என்று தொடங்கும் வரிகளில்தான் சிக்கல். அந்தச் சொல்லுக்குப் பின் 'பிடிஆர்சேஃப்' சேருங்கள். விண்டோ கைப்பிடி, நினைவக முகவரி ஆகியவற்றை வைக்கும் மாறிகளை 'லாங்'கிலிருந்து 'லாங்பிடிஆர்' ஆக்குங்கள். எல்லா 'லாங்'கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. 2010 முதல் வந்த எந்த ஆஃபீஸிலும் இது ஓடும், 32-பிட் ஆனாலும் சரி. இன்னும் 2007 வைத்திருப்பவர்கள் இருந்தால் 'இஃப் விபிஏ7' நிபந்தனை போட்டு இரண்டு விதமாகவும் எழுத வேண்டும்.

பாதி நேரம் அந்த வரியே தேவையில்லை. இரண்டு நொடி நிறுத்துவதற்காக 'ஸ்லீப்' வைத்திருப்பார்கள். 'அப்ளிகேஷன்.வெயிட்' போட்டால் டிக்ளேர் வரியை அழித்துவிடலாம்.

தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டர் ஃபார்ம் திறக்கும்போதே எரர் வருகிறது. பட்டன்களும் அழுத்தினால் அசையவில்லை.

பழைய காலண்டர் கன்ட்ரோல் 2010 ஆஃபீஸோடு போய்விட்டது. டேட் பிக்கருக்கு 64-பிட் வடிவமே கிடையாது. அந்த ஓசிஎக்ஸ் ஃபைலைத் தேடி எங்கிருந்தோ இறக்கி நிறுவுவது வீண் வேலை, ஆபத்தும்கூட. நாள், மாதம், வருடம் என்று மூன்று காம்போ பெட்டிகள் வையுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் எல்லா இடத்திலும் ஓடும்.

பட்டன்களும் ஆக்டிவ்எக்ஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய கன்ட்ரோல் முறை) வகையாக இருக்கும். 2014 டிசம்பரில் வந்த ஒரு ஆஃபீஸ் அப்டேட்டில் இவை கூட்டமாக நின்றுபோயின. இஎக்ஸ்டி வகைத் தற்காலிக ஃபைல்களை அழித்துத்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. 2024 ஆஃபீஸில் ஆக்டிவ்எக்ஸ் இயல்பாகவே அணைக்கப்பட்டு வருகிறது. 2025 ஏப்ரல் முதல் சந்தா முறையில் வரும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் அப்படியே. 'ஃபார்ம் கன்ட்ரோல்' பட்டன், அல்லது வெறும் ஒரு வடிவத்தை வரைந்து அதற்கு மேக்ரோவை ஒதுக்குவது போதும். ஸ்கிரீனின் அளவு மாறும்போது தானாக வீங்குவதும் சுருங்குவதும் ஆக்டிவ்எக்ஸ் பட்டன்களிடம் உள்ள இன்னொரு கோளாறு.

குலசேகரம் கடையில் சரியாக இருக்கும் தேதி மார்த்தாண்டத்தில் மாறிப் போகிறது. எல்லா நாளும் இல்லை, சில நாட்கள் மட்டும்.

எரர் வராமல் கணக்கு மட்டும் தப்பாவதால் எனக்கு மிகவும் பயமான கேள்வி இதுதான்.

ரப்பர் ஷீட் வாங்கிய தேதி 03/04/2025 என்று எழுத்தாக வந்திருக்கிறது. ஏப்ரல் 3. நிரலில் 'சிடேட்' வைத்து அதைத் தேதியாக்குகிறார்கள். இந்தியா என்று அமைத்த விண்டோஸில் ஏப்ரல் 3 என்றே வரும். வாங்கியபடியே அமெரிக்க அமைப்பில் விட்ட கணினியில் மார்ச் 4 ஆகும். 13/04/2025-ஐக் கொடுத்தால்? 13-ஆம் மாதம் கிடையாது என்பதால் அங்கேயும் தானாகத் திருப்பிப் போட்டு ஏப்ரல் 13 என்று சரியாகச் சொல்லும். ஆக மாதத்தின் முதல் 12 நாட்கள் தப்பு (04/04 போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் நாள் தவிர), மீதி சரி. 20-ஆம் தேதி சோதித்துப் பார்த்தவர் "நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார். கோட்டயம் ரப்பர் சந்தை விலையைத் தேதி வைத்து எடுக்கும் பில்லில் அது மார்ச் விலையை எடுத்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது.

எழுத்தாக வரும் தேதியை 'ஸ்ப்ளிட்' கொண்டு மூன்றாகப் பிரித்து 'டேட்சீரியல்'-க்கு வருடம், மாதம், நாள் என்று கொடுங்கள். அதற்குக் கணினியின் அமைப்பு பற்றிக் கவலை இல்லை. சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) மேக்ரோவால் திறக்கும்போது இன்னொரு பொறி: கையால் இரட்டைச் சொடுக்கினால் உங்கள் கணினியின் அமைப்புப்படி திறக்கும், மேக்ரோ திறந்தால் அமெரிக்க முறையில் படிக்கும். 'ஒர்க்புக்ஸ்.ஓபன்' வரியில் 'லோக்கல்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள்.

ஃபைல் பெயரில் தேதி சேர்ப்பவர்களுக்கு: 'ஃபார்மேட்' செயலில் சாய்கோடு போட்டாலும் அது கணினியின் தேதிப் பிரிப்பானாக மாறிவிடும். இந்திய அமைப்பில் கோடு வந்து ஃபைல் சேமிக்கும். அமெரிக்க அமைப்பில் சாய்கோடாகவே வரும், ஃபைல் பெயரில் சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது, எரர். வருடம், மாதம், நாளை ஒட்டி 20250403 என்று வைத்தால் பெயர் வரிசையும் ஒழுங்காக வரும்.

தொகையிலும் கவனம் வேண்டும். 1,25,000 என்று எழுத்தாக இருப்பதை 'வால்' செயலுக்குக் கொடுத்தால் முதல் காற்புள்ளியில் நின்று 1 என்று சொல்லும். 'சிடபிள்' சரியாகப் படிக்கும்.

சின்னமுட்டத்தில் எழுதிய படகுக் கணக்கு மேக்ரோவைக் குளச்சலுக்குக் கொண்டுவந்தோம். தடைக்கால நாட்கள் தப்பாக வருகின்றன.

இது கணினிக் கோளாறு அல்ல, ஆனாலும் வேர் ஒன்றுதான். கிழக்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் முன்னதில் வரும், குளச்சலும் தேங்காப்பட்டணமும் பின்னதில். எழுதியவர் தன் ஊர்த் தேதிகளை நிரலுக்குள் பதித்துவிட்டார். தேதி, வட்டி, கமிஷன், ஜிஎஸ்டி சதவீதம், கடைப் பெயர் எதுவும் நிரலில் இருக்கக் கூடாது. முன்பு சொன்ன 'அமைப்பு' ஷீட்டில் வையுங்கள்.

மெசேஜ் பாக்ஸில் தமிழ் எழுதினால் கேள்விக்குறியாக வருகிறது. வேறு கணினியில் ஷீட்டில் உள்ள தமிழும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது.

இவை இரண்டு வேறு நோய்கள்.

விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது. தமிழை ஒட்டினால் அங்கேயே கேள்விக்குறியாகிவிடும். விண்டோஸில் மொழி அமைப்பைத் தமிழாக மாற்றினாலும் பலனில்லை, ஏனென்றால் யூனிகோடுக்கு முந்தைய விண்டோஸ் குறியீட்டுப் பக்கம் தமிழுக்கு இல்லவே இல்லை. 'சிஎச்ஆர்டபிள்யூ' செயலில் எண் கொடுத்து எழுத்தை வரவழைக்கலாம் (க என்றால் 2965), ஆனால் ஒரு வாக்கியம் எழுதுவதற்குள் பொழுது போய்விடும். செய்திகளை எல்லாம் ஒரு மறைத்த ஷீட்டில் செல்லுக்கு ஒன்றாகத் தமிழில் எழுதிவைத்து, நிரலில் அந்தச் செல்லை மட்டும் எடுங்கள். 'எம்எஸ்ஜிபாக்ஸ்' அதையும் கேள்விக்குறியாக்கும். அதனால் லேபிள் ஒன்றும் ஓகே பட்டன் ஒன்றும் உள்ள சின்ன யூசர்ஃபார்ம் (நாமே வடிவமைக்கும் பெட்டி) செய்து, லேபிளில் செல்லின் உரையைக் காட்டுங்கள். அங்கே தமிழ் அழகாகத் தெரியும்.

கிறுக்கலாகத் தெரிவது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மேலே தமிழ் வேடம் போடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். எழுத்துருவை எல்லாக் கணினியிலும் நிறுவி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அறிவுரை, ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டும் கலந்த பட்டியலில் ஒரே ஆள் பெயர் இரண்டு விதமாகப் பதிந்திருக்கும், தேடினால் பாதி கிடைக்காது.

யூனிகோடிலும் எழுத்துருவைப் பார்த்துப் போடுங்கள். லதா விண்டோஸ் 10-இல் தானாக வருவதில்லை, விருப்பத் தொகுப்பாக நிறுவ வேண்டும். நிர்மலா யுஐ விண்டோஸ் 8 முதல் எல்லாவற்றிலும் இருக்கிறது. எழுத்துரு மாறினால் அகலம் மாறி, ஒரு பக்கப் பில் இரண்டு பக்கமாகும்.

ஃபோல்டர், ஃபைல் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள். 'டிர்' கட்டளைக்குத் தமிழ்ப் பெயர் தெரியாது.

பிரிண்ட் மட்டும் வரவில்லை.

நிரலில் பிரிண்டர் பெயரோடு என்இ01 போன்ற ஒரு போர்ட் எண்ணும் பதிந்திருக்கும். அது கணினிக்குக் கணினி மாறும். அந்த வரியை எடுத்துவிட்டால் இயல்பான பிரிண்டருக்குப் போகும். முடிந்தவரை பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து பிரிண்ட் எடுங்கள். தாள் ஏ4 என்பதையும் நிரலிலேயே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்லுக்அப் போட்ட இடத்தில் 'நேம்' பிழை.

பட்டியலில் தேடி எடுக்கும் அந்த ஃபார்முலா 2021 முதல் வந்த ஆஃபீஸிலும் 365-இலும்தான் உண்டு. 2016, 2019 வைத்திருப்பவர்களுக்காக இன்டெக்ஸ், மேட்ச் ஜோடியில் எழுதுங்கள். 'அப்ளிகேஷன்.வெர்ஷன்' கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2016 முதல் 365 வரை எல்லாமே 16.0 என்றுதான் சொல்லும்.

கூகுள் ஷீட்ஸ், மொபைல், டபிள்யூபிஎஸ், லிப்ரேஆஃபீஸ்: எதில் ஓடும்?

மொபைல் எக்செலில் ஓடாது. உலாவியில் திறக்கும் எக்செலில் ஃபைல் திறக்கும், மேக்ரோ உள்ளே பத்திரமாக இருக்கும், ஓடாது. கூகுள் ஷீட்ஸுக்கு விபிஏ தெரியாது, ஆப்ஸ் ஸ்கிரிப்டில் புதிதாக எழுத வேண்டும். இலவச டபிள்யூபிஎஸ்ஸில் பொதுவாக விபிஏ இருக்காது. லிப்ரேஆஃபீஸ் ஓரளவு ஓட்டும். செல்லில் எழுதுவது, லூப் போடுவது எல்லாம் நடக்கும், யூசர்ஃபார்மும் விண்டோஸ் டிக்ளேரும் வந்தால் திணறும். அதில் மேக்ரோ பாதுகாப்பு நிலையை 'மீடியம்' ஆக்கினால்தான் கேட்கவாவது செய்யும்.

மகன் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் இருக்கிறான். அவன் மேக்கில் திறந்தால்?

மேக் எக்செலில் விபிஏ உண்டு. ஆனால் ஆக்டிவ்எக்ஸ் கிடையாது, 'ஸ்கிரிப்டிங் டிக்ஷனரி'யும் 'ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்'டும் கிடையாது. ஃபைல் திறக்க ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். முகவரியில் சாய்கோட்டைக் கையால் எழுதாமல் 'அப்ளிகேஷன்.பாத்செபரேட்டர்' போடுங்கள். அவர் கணக்கைச் சரிபார்க்க மட்டும்தான் என்றால் பிடிஎஃப் அனுப்பிவிடுங்கள், இருவருக்கும் நிம்மதி.

மூன்று கிளைகளில் இருந்தும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் பதிய முடியுமா?

பொது ஃபோல்டரில் வைத்தால் முதலில் திறந்தவருக்குத்தான் எழுதும் உரிமை, மற்றவர்களுக்கு 'ரீட் ஒன்லி'. பழைய 'ஷேர்டு ஒர்க்புக்' முறையை இப்போது தொடவே வேண்டாம். கிளைக்கு ஒரு பதிவு ஃபைல், மேக்ரோ இல்லாத எக்ஸ்எல்எஸ்எக்ஸாகக் கொடுங்கள். மேக்ரோ தலைமைக் கடையில் ஒரே கணினியில் இருந்து மூன்றையும் திரட்டட்டும். நிரலைத் திருத்தினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், கிளைகளில் மேலே சொன்ன பல சிக்கல்கள் எழவே எழாது. வெறும் திரட்டல்தான் வேலை என்றால் 2016 முதல் எக்செலுக்குள்ளேயே வரும் பவர் க்வெரி அதை மேக்ரோ இல்லாமலே செய்துவிடும்.

அங்கே என்ன எரர் என்று ஃபோனில் கேட்டால் "ஏதோ இங்கிலீஷ்ல வருது அண்ணா" என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபைலில் 'விவரம்' என்று ஒரு பட்டன் வையுங்கள். அழுத்தினால் எக்செல் வெர்ஷனும் பில்டும், 32-பிட்டா 64-பிட்டா, 'திஸ்ஒர்க்புக்.பாத்' என்ன, 2025 ஏப்ரல் 3 என்ற தேதியை அந்தக் கணினி குறுந்தேதியாக எப்படிக் காட்டுகிறது, எந்தப் பிரிண்டர் என்பதையெல்லாம் ஒரு ஷீட்டில் எழுதட்டும். அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு ஃபோட்டோவிலேயே விடை இருக்கும்.

அப்புறம், நிரலில் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று மேலே ஒரு வரி போட்டு எல்லாப் பிழையையும் விழுங்க வைத்திருந்தால் அதை முதலில் எடுங்கள். அதற்குப் பதில் பிழை வந்தால் எண்ணையும், எந்தப் படியில் நின்றது என்பதையும், நேரத்தையும் அதே விவர ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி எழுதுங்கள். "விலை ஃபைலைத் திறக்கும்போது, 1004" என்று ஒரு வரி இருந்தால் மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரத்துக்கு வண்டி எடுக்க வேண்டாம்.